அலைக்கோடு போட்ட அட்டை

நடைப் போட்டிக்கு விதி இரண்டே இரண்டு.
முன்னே ஊன்றும் காலில் முட்டி மடங்கக் கூடாது;
அதில் உங்களை ஒருவரும் குறை சொன்னதில்லை, திம்மராயன்.
இன்னொன்று,
எந்த நொடியிலும் ஒரு கால் மண்ணில் இருக்க வேண்டும்.
கருவி வேண்டாம், கேமரா வேண்டாம்,
நடுவரின் வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அந்த வெறும் கண் என்னுடையது.

கே.ஆர்.பி. அணைச் சாலையில்
மீன் வறுக்கும் சட்டிகள் கவிழ்ந்தே கிடக்கும் ஐந்து மணிக்கு
மாங்கூழ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருவீர்கள்,
பனியனில் காய்ந்த மஞ்சள் திட்டோடு.
இடுப்பு ஒரு பக்கம், தோள் மறுபக்கம்.
பால் கேன் கட்டிய டி.வி.எஸ்.ஸில் பையன்கள் விசிலடிப்பார்கள்:
"அண்ணா, மாங்கனிக் கண்காட்சியில டான்ஸு உங்களுதா?"
நீங்கள் திரும்பியதில்லை.
திரும்பினால் நாலு செகண்ட் போகும் என்பீர்கள்.

மூத்தோர் தடகளச் சங்கம் என்று பெயர்.
ஏழு பேர், ஒரு ஸ்டாப் வாட்ச்.
அதற்கு பேட்டரி வாங்கிய காசு
இன்னும் எனக்கு வர வேண்டும்.

அந்த வருடம் மாவட்டப் போட்டி, ஐயாயிரம் மீட்டர்.
பதினோராவது சுற்றில் முப்பது மீட்டர் முன்னால் நீங்கள்.
ஏற்கெனவே நான் மஞ்சள் அட்டையை நீட்டியிருந்தேன்,
அதில் ஓர் அலைக்கோடு.
அதைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்ததுபோல் சிரித்தீர்கள்.
பலகையில் இரண்டு சிவப்பு.
மூன்றாவதை எழுதியது என் கை.

மறுநாள் ஐந்து மணிக்கும் வந்தீர்கள்.
"நடுவரம்மா, எவ்வளவு உசரம் தூக்கினேன்?"
"ஒரு தீப்பெட்டி."
"நின்ன வாக்கிலயா, படுத்த வாக்கிலயா?"
"படுத்த வாக்கில்."
"அப்போ சரி."
அவ்வளவுதான். கோபம் என்று ஒன்று
எங்காவது இருந்திருந்தால்
அதையும் நடந்தே கழித்திருப்பீர்கள்.

சொல்லாமல் விட்டது இது:
அன்று மேற்கு வெயில் நேராக என் முகத்தில்.
தடத்தில் தூசு.
பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா,
பதினோரு வருடமாக எனக்கே தெரியாது.
சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு டீக்கும் நினைப்பேன்.
டீ தீர்ந்துவிடும்.

மே மாதம், பெங்களூரா லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம்.
ஷூ மாற்ற பெஞ்சில் உட்கார்ந்தவர் எழவில்லை என்றார்கள்.
ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுமனே தரையில்.
சாலம்மா அந்த ஒற்றை ஷூவைத்தான்
எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்,
ஜோடி எங்கே, ஜோடி எங்கே என்று.

தூக்கியது நம் ஆட்கள்.
முன்னால் நூறு மீட்டர் பச்சையப்பன்,
பின்னால் பத்தாயிரம் மீட்டர் அஸ்லம்.
இருவருக்கும் வேகம் ஒத்துவரவே இல்லை.
பாடை ஒரு பக்கம் ஒடிந்து மறுபக்கம் ஒடிந்து
உங்கள் இடுப்புபோலவே போயிற்று.
எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

பெண்களுக்குத் தெருமுனை வரைதான்.
அங்கே நின்று, வெறும் கண்ணால் பார்த்தேன்.
இரண்டு காலும் மண்ணில் இல்லை.
தீப்பெட்டி இல்லை, ஓர் ஆள் உயரம்.
வெயில் என் முதுகுக்குப் பின்னால், தூசும் இல்லை.
எழுத அட்டை எடுத்துவரவில்லை.

இன்று காலை அணைச் சாலையில்
யாரும் இல்லை என்று நானே நடந்து பார்த்தேன்,
உங்கள் வேகத்தில், உங்கள் மாதிரியே ஒடிந்து.
எந்தக் கால் எப்போது மண்ணை விடுகிறது என்று
நடக்கிறவருக்குத் தெரிவதே இல்லை, திம்மராயன்.

பின்னால் பால் வண்டி.
விசில்.
நான் திரும்பிவிட்டேன்.

நாலு செகண்ட்.