நீக்கியும் போகாதவை

மண்டபத்தில் ஐஸ் ஃபேக்டரி மாடியில்
எங்கள் சர்வர் அறை.
கீழே பாளம் உடைபடும்போதெல்லாம்
ரேக்கிலிருந்து உப்பு உதிரும்.

டோக்கன் போட்ட ஒவ்வொரு விசைப்படகுக்கும்
இங்கே ஒரு குழு பிறக்கும்.
இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியு,
அதற்கு மேல் கேட்டால் கழுத்தில் கை.
படகு கரை தொட்டதும்
அதன் ப்ராசஸ்களை முடித்து
ஃபோல்டரை அழிப்போம்.
ஒரு வரிக் கட்டளை.
கெர்னல் மறுபேச்சு பேசாது.
திரும்பப் பார்த்தால் பட்டியலில் இருக்காது.

ஆனாலும் தை பிறந்ததிலிருந்து
மெமரி வற்றிக்கொண்டே வந்தது.

தடைக்காலத்தின் மூன்றாம் இரவு எண்ணிப் பார்த்தேன்.
படகெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
உயிரோடு இருக்கும் குழுக்கள் ஏழு.
இறந்துகொண்டிருப்பவை
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஏழு.

'இறந்துகொண்டிருப்பவை' என் சொல் இல்லை.
கெர்னலே வைத்திருக்கும் பெயர்.

"ரீபூட் பண்ணிடு பிரிஸ்கா,
விடிஞ்சா சரியாயிடும்" என்றான் நெய்னா,
கீழக்கரையிலிருந்து, வாயில் எதையோ மென்றுகொண்டு.
பண்ணலாம்தான்.
ஒட்டடை அடிக்க வீட்டையும் இடிக்கலாம்தான்.

வாசல் போய்விட்ட வீட்டுக்குள்
எப்படி நுழைவது?
மெமரியின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்து
நீ யார் கணக்கு, நீ யார் கணக்கு என்று
பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு போனேன்.
இரண்டு மணிக்குப் பதில் வந்தது.

ஒவ்வொரு குழுவும் பிடித்திருந்தது
ஒரே ஒரு பக்கம்.
அந்தப் பயணத்தின் தடம்:
எங்கே வலை விட்டது, எங்கே திரும்பியது.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
அந்த ஒற்றைப் பக்கம் யார் பேரில் என்று சொல்ல
குழு இருந்தாக வேண்டும்.
குழு இருந்தால்
பதினாறு கோரிலும் பதினாறு கணக்கர்
பேனா மூடாமல் உட்கார்ந்தாக வேண்டும்.

ஆறிப்போன பக்கத்தைக் கெர்னல் தானே தள்ளிவிடும்.
இவை ஆறவில்லை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ
எல்லாத் தடங்களையும்
முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்ன, நான்தான்.

கார்த்திகையில் சவேரியாள் படகு
இரண்டு இரவு பிந்தியது.
இதே நீரோட்டத்தில் முன்பு யார் யார்
எந்தப் பக்கம் ஒதுங்கினார்கள் என்று
பழைய தடங்களில் தேட
அழுதுகொண்டே எழுதிய ஸ்கிரிப்ட்.
மூன்றாம் நாள் படகு வந்தது.
என்ஜின் கோளாறு.
நண்டுகூட இரண்டு பெட்டி இருந்தது.
ஸ்கிரிப்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.
ஐந்து மாதமாக அது
கரையேறிவிட்ட படகைத் தேடிக்கொண்டிருக்கிறது.

நிறுத்தினேன்.
பக்கங்களை உதறச் சொன்னேன்.

உடனே குறையவில்லை.
பிடி எல்லாம் விட்ட பிறகும்
கெர்னல் கொஞ்சம் பொறுக்கும்.
ஒரு விளக்கை எடுப்பதற்கு முன்
அதைக் குறிவைத்துக் கடலுக்குப் போனவர்கள்
அத்தனை பேரும் கரை சேர வேண்டும்.
இனிமேல் கிளம்புகிறவர்களுக்காக நிற்க வேண்டாம்,
அவர்கள் அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை.

பிறகு சரிந்தது.
முப்பதாயிரம். ஒன்பதாயிரம்.
நானூறு.
ஒன்று.

அந்த ஒன்று போகவில்லை.
எனக்குத் தெரியும் ஏன் என்று.
அந்தத் தடத்தை என் திரையிலேயே
விரித்து வைத்திருந்தேன்.
தெற்கே இழுபட்டு, தன்னையே இருமுறை சுற்றி,
பிறகு வடக்கே
நேராக ஒரு கோடு.

மூடினால் போய்விடும்.
ஜன்னலுக்கு வெளியே சோளக்காற்று ஆரம்பித்திருந்தது.
மூடவில்லை.

பதினாறு கணக்கர்கள்
ஒரு பக்கத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள்.
இருக்கட்டும்,
அவர்களுக்கும் ஜூன் வரை வேலையில்லை.