எரிய வேண்டிய விளக்கு

சாவியைத் திருப்பினால்
டயலுக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.
எரியவில்லை.
ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன்,
எச்சரிக்கை இல்லையென்றால் குற்றமில்லை என்று.
தால்காவே துறைக்கு முந்தைய ஏற்றத்தில்
ஹாரன் முனகியது.
முகப்பு விளக்கு காமாலைக் கண்ணானது.
வண்டி நின்றது. மழை நிற்கவில்லை.

வீடு வீடாய்ப் போய்
அடுத்தவர் யூனிட்டைக் கணக்கெடுக்கிறவள் நான்.
என் வண்டியில் அரை வோல்ட் பிறக்கவில்லை.
செஃபெரினோ இதை மூன்று பேரிடமாவது
சொல்லிவிட்டான்.

எண்பத்திரண்டாம் வருஷத்து பி.எம்.டபிள்யூ.
போலீஸ் ஏலத்தில் எடுத்தது.
சிவப்பு அடித்திருக்கிறேன்;
டேங்கின் அடியில் சுரண்டினால் பச்சை.
வயதானவர்கள் சிலர்
இதன் சத்தம் கேட்டால் இன்னும்
கதவைப் பாதி சாத்துகிறார்கள்.
அந்தத் தெருக்களில் முனையிலேயே நிறுத்திவிட்டு
நடந்துபோய் மீட்டர் பார்ப்பேன்.

பேட்டரி வயரை முதலில் கழற்றினேன்.
முன்மூடிக்கு மூன்று போல்ட், ஸ்டேட்டருக்கு மூன்று.
கார்பன் பிரஷ்களை நகத்தால் தூக்கி நிறுத்தினேன்.
ரோட்டார் மட்டும் வரமாட்டேன் என்றது.
கூம்பு முனையில் நாற்பது வருஷமாய்
இறுகி உட்கார்ந்திருக்கிறது.
இழுக்க, உரமேற்றிய போல்ட் ஒன்று வேண்டும்.
சாதா போல்ட் என்றால்
உள்ளேயே முறுங்கி ஒடியும்.
எனக்குத் தெரிந்து தீவில் அது ஒருவனிடம்தான் உண்டு:
நோல்பெர்த்தோ. என் அண்ணன்.
அப்பாவின் படகைப் பங்கு போட்டதிலிருந்து பேச்சில்லை.
படகைப் பங்கு போட முடியாது என்பதுதான்
சண்டையே.

செஃபெரினோ போய்க் கேட்டான்.
செய்தித்தாளில் சுற்றி வந்தது.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
கிரீஸ் தடவு. சுத்தியல் எடுக்காதே.
சனிக்கிழமை திரும்ப வரணும்.
ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியதில்
நீளமானது இதுதான்.

முறுக்கினேன். பயந்துகொண்டே இன்னொரு கால் சுற்று.
ஈர விறகு வெடித்த மாதிரி ஒரு சத்தம்,
ரோட்டார் மடியில் விழுந்தது.
நாய் இரவுவரை மேசைக்கடியிலிருந்து வரவில்லை.

செப்பு வளையங்கள் இரண்டிலும்
மல்டிமீட்டரை வைத்தேன்.
மூன்று புள்ளி நாலு ஓம் காட்ட வேண்டிய இடத்தில்
முடிவிலி.
சமையலறை மேசையில் அதைப் பார்ப்பேன் என்று
நினைத்ததில்லை.
பற்றவைத்த இடத்தருகே
ஒரு மயிரிழை அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

பழைய கம்பியை எண்ணிக்கொண்டே அவிழ்த்தேன்.
முந்நூற்றுப் பதினொன்றில்
"மாத்தே குடிக்கிறாயா?" என்றான் செஃபெரினோ.
குடித்தேன்.
முந்நூற்றுப் பதினொன்றா, இருபத்தொன்றா?
ஆகவே இப்போது இந்த வண்டியில்
பத்துச் சுற்று சந்தேகமும் சேர்ந்து ஓடுகிறது.

புதுக் கம்பியைக் கையால் சுற்றி
வார்னிஷில் ஊறவைத்து
விறகடுப்பின் அவனுக்குள் வைத்துச் சுட்டேன்.
நாலு நாள் எங்கள் உருளைக்கிழங்கு ரொட்டியில்
மோட்டார் வாசனை. யாரும் குறை சொல்லவில்லை,
அந்த மூன்று பேரிடம் சொன்னவனைத் தவிர.

இதைப் பிரித்த பிறகுதான் புரிந்தது:
அந்தச் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை அல்ல.
அதன் வழியாகத்தான் பேட்டரி
ரோட்டாருக்கு முதல் வாய் ஊட்டுகிறது.
அந்தக் கைமாற்றில் காந்தமாகி,
சுழன்று, சம்பாதிக்கத் தொடங்கிய பின்தான்
விளக்கு அணையும்.
முதல் சொட்டு போகவில்லையென்றால்
எத்தனை வேகம் சுற்றினாலும்
அது இரும்புதான்.

சனிக்கிழமை சாவியைத் திருப்பினேன்.
எரிந்தது.
இத்தனை அழகாய் யாரும் என்னைக்
குற்றம் சாட்டியதில்லை.
கிளப்பி, மெல்ல முறுக்க முறுக்க
மங்கி, இல்லாமல் போனது.

போல்ட்டைத் துடைத்து, அதே தாளில் சுற்றி
நோல்பெர்த்தோவின் வேலிக் கம்பத்தில் வைத்தேன்.
ஜன்னல் திரை அசைந்தது, அல்லது காற்று.
பட்டப்பகலில், தேவையே இல்லாமல்,
முகப்பு விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தேன்.
பதில் இல்லை.

திரும்பும்போது பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட்.
மறுபடி மழை.
விளக்கைப் போட்டேன், இந்தத் தடவை பார்ப்பதற்கு.