பதினேழாம் பக்கத்து நிலா

கச்சான் அடித்த கிழமை வந்தன மூன்று பெட்டிகள்.
அனுப்பியவர் பெயரைக் கப்பலின் ஈரம் தின்றிருந்தது.
உடைத்தால், எல்லாம் படம்.

என் வேலை பதிவேடு.
இலக்கம், தலைப்பு, ஆக்கியோன், மொழி, பக்கம், விலை.
வரைந்தவருக்கு நிரல் இல்லை.
"ஆக்கியோனுக்குக் கீழ சின்னதா எழுதிவிடுங்கோ"
என்றார் தவமலர் மிஸ், தேத்தண்ணி ஆற்றியபடி.

நாற்பத்தொரு வயதுவரை நான் அறிந்த படங்களில்
அம்புக்குறி இருக்கும்:
அல்லி, புல்லி, சூலகம்.
பரீட்சைக்கு வராத படத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தேன்.
பிறகு அடுத்த பக்கம்.
பிறகு அடுத்தது.
தேத்தண்ணி ஆறிப்போனது.

இருபத்தெட்டாவது புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை.
ஒரு நரி, ஒரு தோணி, கரையே வராத நீலம்.
'மொழி' நிரலில் பேனை நின்றுவிட்டது.
மூன்றில் ஒன்றை எழுதாமல்
இந்த ஊரில் நான் எதையும் பதிந்ததில்லை,
பிறப்பையோ இறப்பையோ
பஸ்ஸில் விட்டுவந்த குடையையோ.
வெறுமையாய் விட்டேன்.
நரி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது முத்திரை.
பதினேழாம் பக்கத்தில் குத்துவது விதி.
இலக்கம் போடாத தாள்கள்; விரலால் எண்ணினேன்.
நரி தோணிக்குள் சுருண்டு கிடக்கிறது.
மேலே முழுக்க வானம்.
எங்கே குத்துவது?
சும்மா கிடக்கிறதென்று நினைத்த இடமெல்லாம்
யாரோ பார்த்துப் பார்த்து விட்டுவைத்த இடம்.
கண்ணை மூடாத குறையாகக் குத்தினேன்,
வலது மேல்மூலையில், கொஞ்சம் சரிவாக,
ஊதா மையில் ஒரு வட்டம்.
வெள்ளைச் சட்டையில் குழம்பு கொட்டியவன்போல்
புத்தகத்தை மூடினேன்.

அன்று வேலை முடிந்து உட்துறைமுகப் பக்கமாய் நடக்க,
தண்ணீர் நீலமாக இருக்கவில்லை.
பாலத்தடியில் பாசிப்பச்சை,
படகோரம் எண்ணெய் மினுக்கம்,
தூரத்தில் ஈயம்.
தினமும் இதே வழிதான்.

சனிக்கிழமை, ஜமாலியாவிலிருந்து ஹம்தா வந்தாள்.
ஏழு வயது.
இடுப்பில் தம்பி, புத்தக மூலைகளைச் சப்புகிறவன்.
நிலத்தில் இருந்து நரியை அவனுக்கு வாசித்தாள்,
இல்லாத எழுத்துக்களை விரலால் தொட்டுத் தொட்டு.
பதினேழில் நின்றாள்.
"இந்தா பாருடா, நரிக்கு நிலா வந்திட்டு."
பக்கம் புரண்டது. நிலா இல்லை.
திருப்பினாள். இருந்தது.
"முகில் மூடிட்டு," என்றாள். கதை நகர்ந்தது.

வாசலில் ஒரு மான் வந்து நின்று
சோற்றுப் பார்சல் தாளை மென்றது.
தம்பி புத்தகத்து மானைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்,
எதை நம்புவதென்று தெரியாமல் அழத் தொடங்கினான்.

அடுத்த சனி, தட்டு முழுவதையும் இறக்கிவிட்டாள்.
யானை முதுகில் ஊதா நிலா.
கொடியில் காயும் சேலைகளுக்கு நடுவே ஊதா நிலா.
ஒரு சுறாவின் வயிற்றில்.
என் மேசைக்கு வந்தாள்:
"சேர், எண்ணிப் பார்த்தன்.
ஏன் இது எல்லாத்திலயும் பதினேழுல மட்டும் வருது?"

சுற்றறிக்கை இலக்கம் எனக்கு மனப்பாடம்.
"களவு போனா, கண்டுபிடிக்கத்தான் பிள்ள."
அவள் யோசித்தாள்.
"நிலாவையா?"

இப்போது ஒரு புத்தகத்துக்கு எனக்குக் கால்மணி நேரம்.
முத்திரையைக் கையில் பிடித்தபடி
ஓவியர் தூரிகையை எங்கே தூக்கினாரென்று தேடுகிறேன்.
மிஸ் இரண்டு தரம் மணிக்கூட்டைக் காட்டிவிட்டார்.

நேற்று மூன்றாவது பெட்டியில் ஒரு துறைமுகம், இரவு.
எண்ணிக்கொண்டு போனால்
பதினேழில் ஏற்கெனவே ஒரு நிலா,
மஞ்சளாய், நிறைவாய், ஓவியர் வைத்தது.
குத்தவில்லை.
லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை ஹம்தா வருவாள்,
கேட்டுத்தான் செய்யவேண்டும்.