கப்பல் வளையம்

செகாம்புட்டில் லியோங்கின் பட்டறை,
சனி மதியம், ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
ஜிம்னியின் முன்பம்பரைக் கழற்றி
அட்டைப்பெட்டிமேல் சாய்த்துவைத்தேன்.
பல்செட் கழற்றின முகம் என்றார் லியோங்,
பிறகு தன் வாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேசையில் கிடக்கிறது பழைய வளையம்
சுண்டுவிரல் தடிமனில்,
வெல்டிங் கிழிந்து, ஒரு பக்கம் வாய் பிளந்து.
கப்பலில் வண்டி உருளாமலிருக்கக்
கட்டிவைக்கத் தந்தது அது.
துறைமுகத்தில் இறக்கிய அன்றே அதன் வேலை முடிந்தது.
நிற்க மட்டும் தெரிந்த ஒன்றிடம்தான்
எங்களைச் சேற்றிலிருந்து இழுக்கச் சொன்னோம்.

ஊலு லாங்காட், ஆற்றோரம், அச்சுவரை சேறு.
ஹஸ்மி தன் ஹைலக்ஸில் கயிற்றை மாட்டி
கொஞ்சம் தொய்வு விட்டு, வேகம் எடுத்தான்.
கயிறு அறவில்லை. இன்றைக்கும் நல்ல கயிறு அது.
சத்தமும் பெரிதில்லை,
அடுத்த வீட்டில் யாரோ
தட்டைக் கீழே போட்டதுபோல.
வளையம் அவன் பின்கண்ணாடியில் நுழைந்து
பின்சீட்டின் தலைச்சாய்வில் போய்ச் செருகி நின்றது.

இறங்கி வந்தான். சிரித்தான்.
சிகரெட்டை மறுமுனையில் பற்றவைத்தான்.

பின்சீட்டு அவன் மகள் சுஹைலாவின் இடம்.
அன்று அவளுக்குக் காய்ச்சல்.
அதை யாரும் சொல்லவில்லை.
காஜாங்வரை நான் அவன் பின்னாலேயே ஓட்டிவந்தேன்.
கண்ணாடி இல்லாததால்
வண்டிக்குள் எல்லாமே தெரிந்தது.

புதியது இரண்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று.
தடித்த தகடு, சிவப்புப் பெயின்ட்,
எத்தனை டன் தாங்கும் என்று நெற்றியிலேயே பொறித்திருக்கிறது.
அறுநூற்று நாற்பது ரிங்கிட்.
அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வரும் என்றார் என் வீட்டுக்காரர்.
அவர் அன்று வரவில்லை.

பம்பர் வெறும் முகம்.
முகத்தைப் பிடித்து யாரையும் மேலே தூக்க முடியாது.
கொண்டையை இறுக்கிக்கொண்டு அடியில் படுத்தேன்,
சட்டகத்தின் துருவைச் சுரண்டினேன்,
கண்ணில் விழுந்தது, மறுபடி சுரண்டினேன்.
போல்ட் தலைகளை டார்ச் அடித்துப் படித்தேன்:
10.9, 10.9, 10.9, 8.8.
எல்லாம் ஒன்றுதான் தவுக்கே, யார் பார்க்கப்போகிறார்கள்
என்றான் பட்டறைப் பையன்.
அந்த ஒற்றைப் போல்ட்டுக்காக ஜாலான் ஈப்போ வரை போய்
சிக்னல் சிக்னலாகத் திரும்பிவந்தேன்.
மூன்று ரிங்கிட் இருபது காசு.

தாளில் இருந்த எண்ணை டார்க் ரெஞ்சில் வைத்தேன்.
திருகினேன். டக்.
அதற்குமேல் திருகுவது பயம்,
பலம் ஆகாது.
நாலு போல்ட்டுக்கும் நாலு டக் கேட்டபிறகு
போல்ட்டையும் தகட்டையும் சேர்த்து
வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.
அசைந்தால் கோடு உடையும்.

நாலு மணி மழையோடு ஹஸ்மி வந்தான்.
ஒரு பக்கம் மட்டும் மாட்டி இழுக்கக்கூடாது,
இரண்டுக்கும் பாரம் பிரியணும்,
கயிற்றின்மேல் கனமான துணி போடணும்,
யாரும் நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது
என்று நான் மலாயில் ஒப்பித்துக்கொண்டே போனேன்.
தலையாட்டினான்.
சேறும் தண்ணீருமான தரையில் அப்படியே படுத்து
சிவப்புத் தகட்டில் விரலை நுழைத்து
இழுத்துப் பார்த்தான், ஒரு விரலால்,
வண்டி வந்துவிடும் என்பதுபோல.

கண்ணாடியை மாற்றிவிட்டான், என் காசை வாங்கவில்லை.
தலைச்சாய்வை மாற்றவில்லை.
வண்டிக்குள் சுஹைலா அந்தப் பொத்தலில்
மிட்டாய்த் தாள்களைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார் என்கிறது தாள்.
நான் தினமும் பார்க்கிறேன்.
காலையில் வேலைக்குப் புறப்படுமுன்
கார் நிறுத்துமிடத்தில் குனிந்து
போன் வெளிச்சத்தில் நாலு கோடுகளையும் எண்ணுகிறேன்.
நேப்பாளத்துக் காவலாளி ஓடிவந்து கேட்கிறார்,
ஏதாவது தொலைந்துவிட்டதா?
இல்லை என்கிறேன்.
அவரும் குனிந்து கொஞ்சநேரம் தேடுகிறார்.