இருவருக்கும் நான்கு

இடம் ஒதுக்குவது என் வேலை.
குவோபியோ நகரில், பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில்
மூன்று மை வைத்திருக்கிறேன்.
மஞ்சள் பூசினால் அந்த அறை காலியாக வேண்டும்.

கீழ்த்தளத்தில் பூஜ்யம்-பதினான்கு.
அறுபத்திரண்டு சதுர மீட்டர், சன்னல் கிடையாது,
தரைக்கு அடியில் நேரே பாறை.
அதற்கு இரண்டு விண்ணப்பங்கள்.

ஐலி புர்சியாய்னன் அங்கே இருபது வருடமாக
ஏரிச் சேறு வைத்திருக்கிறாள்,
ஆள் நீளக் குழாய்களில், படுக்க வைத்து.
இந்த்ரெக் வாஹெர் எஸ்தோனியாவிலிருந்து புதிதாக வந்தவர்.
குவாண்டம் பொருள்கள் ஆய்வகம்;
பணமும் அவரோடு வந்திருந்தது.

தேவைப்படும் வெப்பநிலை என்ற கட்டத்தில்
இருவரும் எழுதியிருந்தது
நான்கு.

எனக்கு ஒரே சந்தோஷம்.
நடுவில் ஒரு தடுப்பு, பொதுவாய் ஒரு குளிர்சாதனம்
என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.
மேலே கையெழுத்தும் ஆகிவிட்டது.

இந்த்ரெக்கின் நான்கு, கெல்வின்.
காற்றே கல்லாகி, அதற்கும் கீழே வெகுதூரம் போய்
ஹீலியம் திரவமாகிற நான்கு.
"அது வாசற்படிதான், உள்ளே இன்னும் இறங்க வேண்டும்" என்றார்.
ஐலியின் நான்கு
வீட்டு ஃப்ரிட்ஜில் பால் இருக்கிற நான்கு.
உறைந்தால் வருடங்கள் உடைந்துபோகும் என்றாள்.

வருடங்களா?
ஒரு குழாயைத் திறந்தாள். வெளிர், கறுப்பு, வெளிர், கறுப்பு.
பனி உருகி இழுத்து வந்த களிமண் வெளிர்;
பனிக்கட்டியின் கீழ் இருட்டில் படிந்தது கறுப்பு.
ஒரு ஆண்டு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
சுண்டுவிரல் படாமல் காட்டினாள்:
"இங்கே காட்டை எரித்து விதைத்திருக்கிறார்கள். கரி பார்."

படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினேன்: அலகு.

பிறகு அதிர்வு அளக்க ஒருவன் வந்தான், மூன்று இரவு.
கம்ப்ரசரை அணைத்ததும்
கோடு குளத்து நீர் மாதிரி கிடந்தது.
விடிகாலை ஐந்து நாற்பதுக்கு மட்டும் ஒரு முள்.
மூன்று நாளும் அதே முள்.
லிஃப்ட் இல்லை. ரயில் இல்லை.
மேல்தளத்தில் தரை கழுவும் இயந்திரம்,
அதை ஓட்டுகிற ஹோதன்.
அவள் பெயர் என் எந்தக் கட்டத்திலும் இல்லை.

பாறை இந்த்ரெக்குக்குப் போனது.
சேற்றுக்கு ஆற்றோரப் பழைய சலவைக்கூடம்.
சனவரியில் வாசலைத் தாண்டினால் எல்லாம் உறையும்,
ஐலி நகரமாட்டேன் என்றாள்.
திட்டக்குழுவிலிருந்து எனக்கு ஒன்பது கடிதங்கள்.
ஏப்ரல் பதினேழு காலை
வெளியே தெர்மாமீட்டர் நான்கு காட்டியது. அவளுடைய நான்கு.
நூற்றுப்பன்னிரண்டு குழாய்கள், தள்ளுவண்டியில்,
பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப்போவது போல.
இந்த்ரெக்கும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு வண்டி தள்ளினார்.
தெருவில் போகும் லாரிக்கே தூக்கம் கெடும் மனிதரை
"குலுக்காதே, குலுக்காதே" என்று
வழியெல்லாம் அதட்டிக்கொண்டு போனாள்.

ஹோதனுக்கு நான் எழுதிய நேரம் மதியம் மூன்று.
மாணவர்களின் பூட்ஸ் கொண்டுவந்த பனிச்சேறு
அவள் கழுவக் கழுவப் பின்னாலேயே வந்தது.
கீழே அப்படி யார் தூங்குவது என்று கேட்டாள்.
ஒரு தகடு, என்றேன்.
மூன்று அணு கனம். அசைந்தால் ஒன்றும் தெரியாது.

வாளியை இறக்கி வைத்தாள். சத்தமே இல்லை.
"மெஷின் இல்லாமல்
குழந்தை எழாமல் கழுவ எனக்குத் தெரியுமே," என்றாள்.
"கேட்டிருக்கலாம்."