இரண்டால் பெருக்கு

ஒர்மோஷ் மருத்துவமனையில்
பன்னிரண்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன்.
பெயர், பிறந்த நாள், உயரம், எடை.
புகைப்பதுண்டா என்றால் மறைக்க மாட்டார்கள்,
சட்டைப் பையே சொல்லிவிடும்.
ஏழாவது கேள்வி வரும்போதுதான்
எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே
ஏதோ வேலை வந்துவிடுகிறது.
குன்றின் மேல் திராட்சைத் தோட்டத்தில்
குருவி விரட்டும் மரக் காற்றாடி
கடகடவென்று சுற்றும். அதையே பார்ப்பார்கள்.

"மது அருந்துவதுண்டா?"

"கிடையாது" என்கிறார் ஸ்லாவ்கோ கோகோல்.
அவர் பிழிந்த வைன்
போன மார்ட்டின் திருநாளில் என் மேசையில் இருந்தது.
"வைன் கூடவா?"
"வைனா? அது சாப்பாட்டில் சேர்த்தி.
நீ கேட்டது மதுவை அல்லவா?"

லாரி ஓட்டுகிறவர் பதிலுக்கு முன் கேட்கிறார்:
"இது கம்ப்யூட்டரில் ஏறுமா?
லைசன்ஸ் ஆபீசுக்குத் தெரியுமா?"
பள்ளிக்கூட யோஜிட்சா, "ஒரு கிளாஸ்" என்கிறாள்,
கிளாஸின் உயரத்தைச் சொல்லாமல்.
"டாக்டர் எவ்வளவோ அவ்வளவு" என்று ஒருவர்.
காத்திருப்போர் அறை மொத்தமும் சிரிக்கிறது;
எங்கள் சுவர் அப்படி.
டாக்டரம்மாவின் கீழ் அலமாரியில்
ரத்த அழுத்தக் கருவிகளுக்குப் பக்கத்தில்
லேபிள் இல்லாத பாட்டில்கள்,
கிறிஸ்துமஸுக்கு நோயாளிகள் தந்தவை.

சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிக் கொடுத்தார்:
சொல்வதை எழுது.
மனதுக்குள் இரண்டால் பெருக்கு.

ஒரே ஒருவன் உண்மை சொன்னான்.
தோனே ஷூமாக், டைல்ஸ் பதிப்பவன், நாற்பத்தொன்று.
"காலையில் இரண்டு. இல்லையென்றால் கை நடுங்கும்,
கோடு கோணிவிடும். அப்புறம் எண்ணுவதில்லை."
எண்ணாதவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
"பத்து அல்லது அதற்கு மேல்" என்பதில் டிக் போட்டேன்.
"இப்போது என்ன சொல்லப் போகிறாய்?" என்றான்.
"டாக்டர் கூப்பிடுவார்" என்றேன்.
கதவு திறந்திருந்தது.
அந்தப் பக்கம் அவன் மாமியார்
சர்க்கரைப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தாள்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.
இப்போது ப்துய் ஊருக்குப் போகிறானாம் வைத்தியத்துக்கு,
யாருக்கும் அவனைத் தெரியாத இடம்.
போகிறானோ என்னவோ.

மார்ச்சில் எனக்குப் பித்தப்பையில் கல்.
மாரிபோர், நான்காவது மாடி.
மூக்குத்தி போட்ட சின்னப் பெண் படிவத்தோடு வந்தாள்,
பெயர் நேஜா என்று மார்பில் எழுதியிருந்தது.
வரிசையாகக் கேட்டாள்.
ஏழாவதில்
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒருவன்
பேங்க் கார்டால் கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நெடுநேரம் சுரண்டினான்.

"எப்போதாவது" என்றேன்.
"சனிக்கிழமை. சாப்பாட்டோடு."

வினிகருக்குப் பின்னால் நிற்கும் பாட்டிலைச் சொல்லவில்லை.
அது வினிகர் என்று
என் மகள் நம்புவதாக நான் நம்புவதையும்.

நேஜா நிமிரவில்லை.
சொன்னதை எழுதினாள்.
உதடு மட்டும் லேசாக அசைந்தது.
எனக்குத் தெரியும் அந்த அசைவு,
பன்னிரண்டு வருடப் பழக்கம்.
பெருக்குகிறாள்.
பெருக்கட்டும்.
அப்போதும் கணக்கு குறைவாகத்தான் வரும்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை
முதல் ஆள் ஸ்லாவ்கோ.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.
அவர் முகம் வெளுத்துவிட்டது.
"என்ன, ஏதாவது கெட்ட செய்தியா?"
"இல்லை" என்றேன். "ஏழாவது கேள்வி."
அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
நானும்தான்.
காற்றாடியை இந்த வருடம் இன்னும் ஏற்றவில்லை.
குன்றில் பார்ப்பதற்கு
ஒன்றுமே இல்லை.