வெயிலை முதலில் கழற்று

அப்புத்தளைச் சரிவில், வாடகைக்கு விடும் எங்கள் படுக்கை வேன்.
நேற்றிரவு அதன் ஃபிரிட்ஜ் முனகி நின்றது.
பற்றரிக்கு வயிறு உப்பல். அழுகின முட்டை வாடை.
கதவெல்லாம் திறந்து, விடியும்வரை ஆறவிட்டேன்.

மூடுபனிதானே என்று நம்பக்கூடாது.
பனிக்குள்ளும் கூரையில் சோலார் பலகை
கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.
ஏறி, மாமி கொழுந்துக்குக் கட்டும் சாக்குப் படங்கை விரித்து
நாலு மூலையிலும் கல் வைத்தேன்.
வெயிலின் வயரை முதலில் கழற்றினேன்.

"பீடியை அணைச்சிட்டு வாங்க."
குணரூபன் அணைத்தார், மோதிரத்தையும் கழற்றினார்.
தாலிக்கொடியை
நான் முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டேன்.
பிறகு யோசித்து, கழற்றி
சீனிப் போத்தலுக்குள் வைத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பொன்னென்றும் இரும்பென்றும் பார்க்காது அந்தப் பெட்டி.

கறுப்பு முதலில். பிறகு சிவப்பு.
கழன்ற தலைகளுக்கு டேப் சுற்றினேன்,
ஒன்றையொன்று தொட்டால் போச்சு.
புதியதை இறக்கி, பட்டி இறுக்கி,
சிவப்பு. பிறகு கறுப்பு.
கடைசியில்தான் வெயில்.

படங்கை உருவியதும் பச்சை லைட் சிமிட்டியது.
ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமியது.

பழையதைப் பண்டாரவளைக் கடையில் கொடுக்கணும்.
நிமிர்த்தியே வைக்கணும், சாய்ந்தால் ஊற்றும்.
கண்டக்டர் பார்த்தார்:
"இதுக்கும் ஒரு டிக்கெட்."

எடுத்தேன்.
ஜன்னலோரம் கொடுத்தேன்.
கஹகொல்லை தாண்டும்போதுதான்
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.